முட்டி உயரத்துல ஆறு படி

படி தப்புன்னு தெரிஞ்சப்போ, அவ அந்தப் படியப் பத்தியே நாலு நிமிஷம் பேசி முடிச்சிருந்தா. இனிமே நிறுத்தினாலும் மாட்டிக்குவா, தொடர்ந்து பேசினாலும் மாட்டிக்குவா. வாய் அதுபாட்டுக்குப் பேசிட்டு இருந்துச்சு. கண்ணு மட்டும் அந்த அட்டை ஆள விட்டு நகரவே இல்ல.

அட்டை ஆளுன்னா, கட்டட மாடல்ல அளவு தெரியறதுக்காக வெட்டி நிக்க வைக்கிற பொம்மை. சுண்டுவிரல்ல பாதிதான் இருப்பான். கட்டடம் பெருசா சின்னதான்னு அவன வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். அவசரத்துல அவன ஒட்டாமயே மாடலத் தூக்கிட்டு வந்துட்டா. "ஆளக் காணோமே"ன்னு மாடலப் பாத்து மார்க் போடுற ஜூரியில கடைசி நாற்காலிக்காரர் கேட்டதும், பென்சில் டப்பாவுலேருந்து எடுத்து முதல் படிக்கு முன்னால நிக்க வச்சா. வச்சப்புறம்தான் கவனிச்சா. படி அவன் முட்டிக்கு வந்துச்சு.

ஒரு படி பதினஞ்சு சென்டிமீட்டர் உயரம் இருக்கணும். இது தெரியாத ஆளே இல்ல. தெரியாட்டியும் அவங்க காலுக்குத் தெரியும். மாடல்ல அது மூணு மில்லிமீட்டர் வரணும். ஆனா கட்டடக்கலை படிக்கிற பசங்க வச்சிருக்கிற முக்கோண ஸ்கேல் இருக்கே, அதுல மூணு முகம். ஒவ்வொரு முகத்துலயும் வேற வேற அளவு. மூணு நாள் தூக்கமில்லாத கையில அது எப்ப உருண்டுச்சுன்னு தெரியல. மூணு மில்லிமீட்டர் வெட்டவேண்டிய இடத்துல ஏழரை மில்லிமீட்டர் வெட்டிட்டா. வெட்டின ஆறு படியும் அறையோட தரையத் தாண்டி மேல போய் நின்னுச்சு. அப்பவாவது யோசிச்சிருக்கலாம். யோசிக்கிற மூளை தூங்கிட்டு இருந்துச்சு, ஒட்டுற கை முழிச்சிட்டு இருந்துச்சு. கை என்ன பண்ணும்? அறையத் தூக்கிப் படியோட உச்சியில ஒட்டி, கீழ எட்டுக் குச்சிய முட்டுக் குடுத்துடுச்சு.

அது யாரோ பணக்காரர் வீட்டு மொட்டைமாடி அறைன்னா சிரிச்சிட்டுப் போயிடலாம். அது முட்டிவலி ஆஸ்பத்திரிக்கு. கல்லூரிக்குப் பின்தெருவுல இருக்கிற சின்ன ஆஸ்பத்திரி. உள்ள இடம் பத்தாது. நோயாளிங்க ரோட்டோரத்துல வெயில்ல நிப்பாங்க. மழை பெஞ்சா தெருவே வாய்க்காலாயிடும், அதுலயும் நிப்பாங்க. அவங்க காத்திருக்க உயரமா ஒரு அறை வேணும். முதல் வருஷப் பசங்க டிசைன்ல எது ஜெயிக்குதோ, அதக் கல்லூரி நிஜமாவே கட்டிக் குடுக்கும்னு ஏற்பாடு.

"இந்தப் படி..."ன்னு துறைத்தலைவர் ஆரம்பிச்சாரு. கல்லூரியில அவருக்கு வெறும் தலைவர்னுதான் பேரு. பேசறதுக்கு முன்னால கண்ணாடியக் கழட்டிடுவாரு. பாக்கத்தான் கண்ணாடி வேணும், கருத்துச் சொல்ல வேணாம்ங்கிறது அவரோட பழக்கம்.

அவ கண்ண இறுக்கி மூடிக்கிட்டா. இது மூணாவது ஜூரி. ரெண்டுல ஏற்கனவே ஃபெயில். இதுலயும் போச்சுன்னா கல்லூரிய விட்டே கிளம்பவேண்டியதுதான்.

"இந்தப் படி, ஏற விடமாட்டேங்குது."

"சார், அது வந்து..."

"குறுக்க பேசாதம்மா. கட்டடம் பேசிட்டு இருக்கு."

கட்டடம் பேசறத எல்லாரும் கேட்டாங்க. கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்தான்.

"படின்னா ஏறுறதுக்குன்னு நம்மள எல்லாரும் நம்ப வச்சுட்டாங்க. இந்தப் பொண்ணு முதல் வருஷத்துலயே தைரியமாக் கேக்குறா, ஏன் ஏறணும்னு."

பக்கத்துல ஸ்கார்ஃப் மேடம். எந்த வெயில்லயும் கழுத்துல ஒரு ஸ்கார்ஃப் சுத்தியிருக்கும், அதனால அந்தப் பேரு. அவங்க எழுந்து வந்து மாடலச் சுத்தி ஒரு தடவை நடந்தாங்க. "அந்த எட்டுக் காலப் பாருங்க சார். தரையத் தொடவே கூசுது. நோயாளி வலியோட வர்றான். வேற கட்டடமா இருந்தா, வலியே இல்லைன்னு பொய் சொல்லும். இது, ஆமா, வலிதான்னு சொல்லுது. எனக்கு அழுகையே வந்துடும் போல இருக்கு."

அழுகை அவளுக்கும் வந்துச்சு. காரணம் வேற.

"அந்த ஆள எடுத்துரும்மா,"ன்னாரு கடைசி நாற்காலிக்காரர். ஆளக் காணோம்னு கேட்டாரே, அவரேதான். "அவன் நிக்கிறதுதான் உறுத்துது. எடுத்துட்டுப் பாரு, எவ்வளவு சுத்தமா இருக்கும்னு."

அட்டை ஆள எடுத்து டப்பாவுல போட்டா. படி உடனே அழகாயிடுச்சு. பொய் இல்ல, அவ கண்ணுக்கே அழகாத் தெரிஞ்சுச்சு. ஃபெயிலாகப் போறோம்ங்கிற பயத்த விட அது பெரிய பயமா இருந்துச்சு.

பாராட்டு அவளுக்குப் பழக்கமே கிடையாது. முதல் ஜூரிக்கு முன்னால அவ அளவு டேப்ப எடுத்துட்டு அந்த ஆஸ்பத்திரி வாசல்ல மூணு நாள் போய் உக்காந்தா. முட்டி போனவங்க எழுந்திருக்கும்போது கையாலதான் எழுந்திருக்கிறாங்க, அதனால நாற்காலிக்குக் கை வேணும்னு எழுதிக்கிட்டா. சிலருக்குப் படி ஏற முடியாது, சரிவு வேணும். சிலருக்குச் சரிவுல இறங்கினாத்தான் உயிரே போகும், அவங்களுக்குப் படிதான் சௌகரியம். அதனால ரெண்டும், ரெண்டுக்கும் ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கக் கம்பி. இத்தனையையும் மூச்சு விடாம சொல்லி முடிச்சா. தலைவர் கண்ணாடியக் கழட்டிட்டுக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"உன் கட்டடத்துக்கு எதக் கண்டா பயம்?"

"மழையக் கண்டா சார்."

"பாத்தியா, நீ கட்டடம் கட்டிட்டு வந்திருக்க. கட்டடம் மழைய நிறுத்தும். கட்டடக்கலை மழைய உள்ள விட்டு, ஏன் வந்தேன்னு கேக்கும்."

ஃபெயில். ரெண்டாவது ஜூரிக்குச் சரிவ எடுத்துட்டா, கம்பிய எடுத்துட்டா. நாற்காலிக் கைய மட்டும் எடுக்க மனசு வரல. "உக்காந்தவன் எழுந்திருச்சே ஆகணுமா? அந்தக் கேள்வியக் கேக்க உனக்குப் பயம்,"ன்னாங்க மேடம். அதுலயும் ஃபெயில்.

ஸ்டூடியோங்கிறது முப்பது மேஜை போட்ட நீளமான ஹால். காலையில தலைவர் வருவாரு. நீ வரைஞ்ச ஷீட்டு மேல தடியா ஒரு கோடு இழுத்து, "பெருசா யோசி"ன்னுட்டுப் போவாரு. மத்தியானம் மேடம் வருவாங்க. அந்தக் கோட்டப் பாத்து, "யாரு இத இவ்வளவு பெருசாக்கினது"ன்னு கேட்டு அழிச்சிட்டுப் போவாங்க. சாயங்காலம் உன்கிட்ட இருக்கிறது ஒரு ஓட்டை விழுந்த ஷீட்டு. இதுக்குப் பேருதான் கலந்துரையாடல். மத்தபடி ரெண்டு பேருமே "ம்"னுதான் சொல்வாங்க. பக்கத்து மேஜைப் பையன், விரல் எப்பவும் ஒட்டிக்கிட்டே இருக்கிறதால பசைன்னு பேரு, அந்த "ம்"முக்காகவே ஒரு நோட்டு வச்சிருந்தான். சின்ன "ம்"னா ஃபெயிலு. ரெண்டு மாத்திரைக்கு இழுத்தா பாஸு. தலைய ஒரு பக்கம் சாய்ச்சு இழுத்தா, உன் ஷீட்ட வராந்தாவுல மாட்டுவாங்க. மூணாவது வருஷத்து அண்ணன்கள்கூட அவன்கிட்ட வந்து சந்தேகம் கேட்டுட்டுப் போவாங்க. அந்தக் கல்லூரியில ஏதோ ஒண்ண உருப்படியாச் சொல்லிக் குடுத்தவன் அவன் ஒருத்தன்தான்.

அவ டிசைன்தான் ஜெயிச்சதுன்னு சொல்லி ஜூரி முடிஞ்சு, வராந்தாவுக்கு வந்ததும் அவன்கிட்டதான் முதல்ல சொன்னா.

"தப்பா வெட்டிட்டேன்டா."

"எத?"

"படிய. ஸ்கேல் திரும்பிடுச்சு. முட்டி உயரத்துக்கு வந்திருக்கு."

பசை குனிஞ்சு மாடலப் பாத்தான். மெதுவா நிமிந்தான். "வேற யாருக்காவது தெரியுமா?"

"உனக்கு மட்டும்தான்."

"எனக்கும் தெரியாது,"ன்னு ரெண்டு கையாலயும் காதப் பொத்திக்கிட்டான். பொத்தின கை ஒட்டிக்கிச்சு. பிய்ச்சு எடுக்க ரெண்டு நிமிஷம் ஆச்சு. எடுத்ததும் சொன்னான், "நான் சரியான அளவுல படி வச்சேன். சின்ன 'ம்'தான் கெடச்சுச்சு. உனக்கு அவரு இழுத்த இழுப்புக்கு நோட்டுல இடமே இல்ல. வாய மூடிட்டு இரு. நீ போயிட்டா ஸ்கேல் கடன் குடுக்க எனக்கு யாரு இருக்கா?"

வாய மூடிக்கிட்டு வீட்டுக்குப் போனா. வீட்டுல அம்மா வாய மூடல.

அவளோட அம்மாவுக்கு அந்த ஆஸ்பத்திரியிலதான் வேலை. டோக்கன் குடுக்கிற ஜன்னல்ல உக்காந்திருப்பாங்க. ஜெயிச்ச சேதி அவங்களுக்கு முன்னாலயே தெரிஞ்சிருந்துச்சு.

"எத்தனை படிடி?"

"ஆறு."

"ஆறுதானே. ஆறுன்னா நிதானமா ஏறிடுவாங்க. கம்பி வச்சிருக்கேல்ல?"

"அம்மா, சாப்பிட விடும்மா."

"சாப்பிடு, யாரு வேணாங்கிறா? எந்தப் பக்கம் கம்பின்னு சொல்லிட்டுச் சாப்பிடு. இடது முட்டி போனவங்க வலது கையாலதான் பிடிப்பாங்க. அதுக்காகத்தான் கேக்குறேன்." அவ சோத்தப் பிசைஞ்சா. அம்மா தட்டுல இன்னும் கொஞ்சம் வச்சாங்க. "வரிசையில நின்ன எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அடுத்த மழைக்கு நீங்க ரோட்டுல நிக்கமாட்டீங்க, என் பொண்ணு பாத்துக்குவான்னு."

அவ தட்டத் தள்ளி வச்சுட்டு எழுந்தா.

மறுநாள் காலையில தலைவர் அறைக்குப் போய் நின்னா. அந்த அறையில ஒரு நாற்காலி இருந்துச்சு. தலைவர் டிசைன் பண்ணது, மூணு கால். பரிசு வாங்கின நாற்காலி, அதனால யாரும் உக்காரக் கூடாது. அவரும் ஜன்னலோரம் நின்னுக்கிட்டுதான் இருந்தாரு.

"சார், அந்தப் படி தப்பு. ஸ்கேல் திரும்பிடுச்சு."

"யாரு திருப்பினது?"

"நான்தான் சார். தெரியாமத்தான்."

"தெரியாமத்தான்..." அவரு கண்ணாடியக் கழட்டினாரு. "உங்களுக்கெல்லாம் தெரிஞ்சத மறக்கடிக்க நாங்க அஞ்சு வருஷம் படாதபாடு படுறோம். நீ மூணே மாசத்துல மறந்திருக்க. இதுக்குப் போயி அழுவாங்களா?"

"யாராலயும் ஏற முடியாது சார்."

"முடியும் முடியாதுன்னு முடிவு பண்ண நாம யாரும்மா?"

"முட்டிவலிக்காரங்க சார் அவங்க."

"அதனாலதான் அவங்களுக்கு இது புரியும். நமக்கு நல்ல முட்டி. நமக்குப் புரியாது."

அவ மெல்ல, "சரியான அளவ யாராவது சொல்லிக் குடுத்திருந்தா..."ன்னு இழுத்தா. அது அவர எங்கேயோ தொட்டிருக்கணும். பக்கத்துல வந்து, குரலத் தணிச்சு, அப்பா மாதிரி பேசினாரு.

"சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சா இது பள்ளிக்கூடம் ஆயிடும்மா. இருபத்திரண்டு வருஷமா இங்க இருக்கேன். ஒருத்தனுக்கும் ஒண்ணும் சொல்லிக் குடுத்ததில்ல. இதுவரைக்கும் ஒரு பையன்கூட வந்து இது புரியலைன்னு கேட்டதில்ல. ஏன்? எதக் கேக்கணும்னே அவனுக்குத் தெரியாது. அந்த நிலைமைக்கு ஒருத்தனக் கொண்டுவர்றது லேசுப்பட்ட வேலை இல்ல. ஸ்டூடியோவோட மதிப்பே அதுதான்."

அப்புறம், இப்பச் சொன்னதையெல்லாம் நூறு வார்த்தையில எழுதிக் குடுன்னாரு. 'தப்பு'ன்னு மட்டும் எழுதிடாத, 'விலகல்'னு எழுதுன்னாரு. எழுதிக் குடுத்தா. மூணு நாள்ல அவளோட ஒப்புதல் வாக்குமூலம் மாடலுக்குப் பக்கத்துல கண்ணாடிச் சட்டத்துக்குள்ள தொங்குச்சு. ரெண்டாவது வருஷப் பசங்க வந்து அதக் காப்பி அடிச்சிட்டுப் போனாங்க. அடுத்த வாரம் ஸ்டூடியோவுல ஏழு பேர் ஸ்கேலத் திருப்பி வச்சு வெட்டிட்டு இருந்தாங்க.

அதுக்குள்ள ஆய்வுக்குழு வந்துடுச்சு. கல்லூரிக்கு அங்கீகாரம் நீடிக்கணுமா வேணாமான்னு அவங்கதான் சொல்லணும். மூணு பேரு, மூணு கோப்பு. ஸ்டூடியோவுல கற்பிக்கிறது எப்படி நடக்குதுன்னு நேர்ல பாக்கணும்னாங்க. தலைவர் அந்த ஆறு படியையும் நிஜ அளவுல ஒட்டுப்பலகையில செய்யச் சொல்லி, ஸ்டூடியோ நடுவுல நிறுத்திட்டாரு. மாடல்ல அது குட்டியா இருந்துச்சு. நிஜத்துல உச்சிப்படி பசையோட தலைக்கு மேல போச்சு.

"நானே ஏறிக் காட்டுறேன்,"ன்னாரு தலைவர்.

முதல் படிய ஏறினாரு. ரெண்டாவதுக்கு முட்டியக் கையால தூக்கி வச்சாரு. மூணாவதுக்கு மேடம் பின்னாலேருந்து தாங்கினாங்க. நாலாவதுக்கு ரெண்டு உதவிப் பேராசிரியருங்க வந்தாங்க. அஞ்சுல என்ன நடந்துச்சுன்னு எழுதினா மரியாதையா இருக்காது. உச்சியில போய் நின்னப்போ நெஞ்சு ஏறி ஏறி இறங்குச்சு.

"இப்ப நான் விடுறேனே மூச்சு,"ன்னாரு. "இந்த மூச்சுதான் கட்டடக்கலை."

கீழ எல்லாரும் கை தட்டினாங்க. அவரு கீழ பாத்தாரு. பாத்த பார்வையிலேயே அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு, இறங்க முடியாதுன்னு அவருக்கு இப்பத்தான் உறைச்சிருக்கு. உரைய நீட்டிச்சாரு. பத்து நிமிஷம்னு போட்டிருந்தது முக்கால் மணி நேரம் போச்சு. உலகத்துல எந்தக் கட்டடத்தையும் விட்டு வைக்கல. ஆய்வுக்குழுவுல ஒருத்தர் அண்ணாந்து பாத்துப் பாத்துக் கழுத்தத் தேச்சுக்கிட்டே, "ஆசிரியர் தம்மை முழுமையாக ஈடுபடுத்திக்கொள்கிறார்"னு கோப்புல எழுதினாரு. கடைசியில கேன்டீன்லேருந்து பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்து, படிக்கு ஒண்ணா வச்சு இறக்கினாங்க.

"இந்த ஸ்டூலும் டிசைன்ல சேர்த்தியா?"ன்னு குழுவுல கேட்டாங்க.

"இல்லைங்க,"ன்னாங்க மேடம். "அது வெறும் உபயோகம்."

அங்கீகாரம் உறுதின்னு சொல்லிட்டாங்க. ஒரு நிபந்தனை மட்டும்: கட்டடம் திறக்கிற அன்னைக்கு வந்து பாத்துட்டுத்தான் கையெழுத்து. தலைவர் அவளக் கூப்பிட்டு, கட்டுறதுக்கான ஷீட்ட ஒரு வாரத்துல போட்டுட்டு வான்னாரு. அன்னைக்கு அவரு ரெண்டு முட்டிக்கும் ஒத்தடம் குடுத்துட்டு இருந்தாரு.

அவ மேஜையில போய் உக்காந்தா. ஸ்கேலோட சரியான முகத்துல ஒரு துண்டு சிவப்பு டேப் ஒட்டினா. யோசிக்கல, யோசிச்சா கை நின்னுடும்னு பயம். ஆறு படி, ஒவ்வொண்ணும் பதினஞ்சு. அறை எட்டுக் கால்லேருந்து இறங்கித் தரைக்குப் பக்கத்துல வந்துச்சு. பக்கவாட்டுல நீளமாச் சரிவு. ரெண்டுக்கும் ரெண்டு பக்கமும் கம்பி. நாற்காலிக்குக் கை. பசை எட்டிப் பாத்தான். போயி கதவ மூடிட்டு வந்தான்.

ஷீட்டத் தலைவர் மேஜையில விரிச்சா. மேடமும் இருந்தாங்க. ரெண்டு பேரும் குனிஞ்சாங்க. ரொம்ப நேரம் குனிஞ்சே இருந்தாங்க.

"வடக்கு,"ன்னாரு தலைவர்.

"சார்?"

"வடக்கக் காட்டுற அம்பு. ரொம்ப அகங்காரமா இருக்கு."

"எனக்கு அப்படித் தோணல சார்,"ன்னாங்க மேடம். "தன்னம்பிக்கைன்னுதான் சொல்வேன்."

அம்பப் பத்தி அரை மணி நேரம் போச்சு. எழுத்து வடிவத்தப் பத்திக் கால் மணி நேரம். கோடு கொஞ்சம் மூச்சு விடலாம்னாங்க. அவளால தாங்க முடியல. "சார், படியோட அளவ மட்டும் ஒரு தடவை பாத்துடுங்க,"ன்னா. சொல்லிட்டு நாக்கக் கடிச்சுக்கிட்டா.

"அளவப் பாக்க ஆரம்பிச்சா கட்டடம் சின்னதாயிடும்மா,"ன்னு சிரிச்சிட்டே தலைவர் கையெழுத்துப் போட்டாரு. மேடம் கீழ போட்டாங்க. அம்ப மட்டும் கொஞ்சம் அடக்கமாத் திருத்தச் சொன்னாங்க. திருத்திட்டா.

மேஸ்திரி ஷீட்டப் பாக்க எடுத்துக்கிட்டது ஒரு நிமிஷம்கூட இல்ல. "படி பதினஞ்சு, சரி. கம்பி ரெண்டு பக்கம், சரி. தண்ணி இந்தப் பக்கமா ஓடிடும், சரி."

"வேற ஒண்ணும் கேக்கலையா அண்ணே?"

"என்ன கேக்கணும்?"

"கான்செப்ட்..."

"அது எத்தனை மூட்டை வேணும்?"ன்னாரு. அவ முழிச்சதப் பாத்துட்டு, "மழை வந்துடும் பாப்பா, தள்ளி நில்லு"ன்னு அளவுக் கயிறப் பிடிச்சாரு.

ஏழு வாரம் கட்டினாங்க. கல்லூரியிலேருந்து பின்தெருவுக்கு ஒருத்தரும் வரல. நடந்தா நாலு நிமிஷம். கட்டி முடிக்கிறது காண்ட்ராக்டர் சமாச்சாரம், நம்ம வேலை அதுக்கு முன்னாலயே முடிஞ்சுடுதுன்னு தலைவர் வகுப்புல சொன்னாரு. மாடலத்தான் நாலு பக்கமும் லைட்டுப் போட்டுப் படம் எடுத்தாங்க. எட்டுக் கால், ஆறு படி, ஆள் கிடையாது. அதத்தான் அழைப்பிதழ்ல அச்சடிச்சிருக்காங்க. "காலை பத்து மணிக்கு"ன்னு போட்டிருக்கு. அது நாளைக்கு.

நாளைக்குத் தலைவர் வருவாரு, மேடம் வருவாங்க, மூணு கோப்போட அந்த மூணு பேரும் வருவாங்க. அழைப்பிதழக் கையில வச்சுக்கிட்டு எட்டுக் காலத் தேடுவாங்க. ஏமாத்திட்டான்னு சொல்லி வெளிய அனுப்பலாம். அத நினைச்சா மோசமா இருக்கு. இன்னொண்ணும் நடக்கலாம். தலைவர் கண்ணாடியக் கழட்டிட்டு, இந்தப் பொண்ணு சாதாரணத்த எப்படிக் கேள்வி கேக்குறா பாருங்கன்னு ஆரம்பிக்கலாம். அத நினைச்சா இன்னும் மோசமா இருக்கு.

ஆனா இன்னைக்குச் சாயங்காலம் மழை வந்துச்சு. நல்ல மழை. தெருவுல தண்ணி ஏறவும், வரிசையில நின்னவங்க யாரும் திறப்புவிழாவுக்குக் காத்திருக்கல. வாசல்ல கட்டியிருந்த ரிப்பனத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அம்மாவே, "போங்க, போங்க, நனையாதீங்க"ன்னு ஒவ்வொருத்தரா உள்ள விட்டாங்க. அவ தூண் ஓரமா நின்னு ஏறுறவங்க காலையே பாத்துட்டு இருந்தா. பதினேழு பேர் ஏறினாங்க. ஒருத்தர்கூட கீழ குனிஞ்சு படியப் பாக்கல. ரெண்டு பேர் பேசிக்கிட்டே ஏறினாங்க; முதல் படியில ஆரம்பிச்ச சண்டை உள்ள போயும் முடியல. மூணு பேர் சரிவுல போனாங்க, அவங்களும் பாக்கல. கம்பியப் பிடிச்ச கைக்குக்கூடத் தான் கம்பியப் பிடிச்சிருக்கோம்னு தெரிஞ்ச மாதிரி இல்ல.

கடைசியா ஒரு தையல்காரர். தையல் மெஷின் மிதிச்சு மிதிச்சு ரெண்டு முட்டியும் போனவரு. ஏறி வந்து உக்காந்தாரு. நாற்காலிக் கைய அழுத்தி எழுந்தாரு, மறுபடி உக்காந்தாரு. தலையத் துவட்டிக்கிட்டாரு.

"இவதான் என் பொண்ணு,"ன்னாங்க அம்மா. "இத டிசைன் பண்ணது இவதான்."

தையல்காரர் அவளப் பாத்தாரு. அப்புறம் அறையப் பாத்தாரு. கூரை, சுவர், கம்பி, படி, வெளிய மழைன்னு ஒவ்வொண்ணா, துணியில பிசிறு தேடுற மாதிரி பொறுமையாப் பாத்தாரு.

"சுவரு மேஸ்திரி கட்டினது?"

"ஆமாங்க."

"கம்பி பட்டறையில செஞ்சது."

"ஆமாங்க."

"படி எல்லா இடத்துலயும் இருக்கிற மாதிரிதான் இருக்கு. நாற்காலியும் அப்படித்தான்." அவரு குரல்ல கேலியே இல்ல. நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னுதான் முன்னால சாஞ்சாரு. அம்மா டோக்கன் கட்ட மடியில வச்சுக்கிட்டு, பதில் தனக்குத் தெரியும்ங்கிற மாதிரி பொண்ணோட முகத்தையே பாத்துட்டு இருந்தாங்க. அவ வாயத் திறந்தா. மூணு ஜூரியில கத்துக்கிட்ட வார்த்தை ஒவ்வொண்ணா நாக்கு வரைக்கும் வந்துச்சு, ஒண்ணும் இதுக்குப் பொருந்தல.

"தப்பா எடுத்துக்காத பாப்பா,"ன்னாரு தையல்காரர். "நான் துணி வெட்டுறவன், எனக்கு இதெல்லாம் தெரியாது. இதுல நீ செஞ்சது எது?"